யார் பேச்சு யார் காதில் விழ வேண்டும்? திறந்த அலுவலக அமைப்புகள்: ஓர் ஒப்பீடு

புதிய அலுவலகத்துக்கு இடம் பார்த்தாகிவிட்டது. அல்லது பழைய இடத்திலேயே ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரை எங்கே உட்கார வைப்பது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலும் அந்த முடிவு தரைப்படத்தை விரித்து, எத்தனை மேசைகள் பிடிக்கும் என்று எண்ணுவதில் தொடங்குகிறது. அங்கேயே முடிந்தும் விடுகிறது. சுவர் இல்லாத ஒரே கூடத்தில் அதிகம் பேரை அமர்த்தலாம் என்று கணக்கு காட்டுகிறது. சுவரை எடுத்தால் மக்கள் கலந்து பேசுவார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே சேர்ந்துகொள்கிறது. அங்கே நாள் முழுவதும் உட்காரப் போகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

இந்த நாற்காலியில் உட்காருபவரின் காதில் யார் யாருடைய பேச்சு விழும்? அதில் எவ்வளவு அவருடைய வேலைக்கு உதவும்? அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த இரண்டுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். வாடகை, வெளிச்சம், அழகு எல்லாம் அதற்குப் பிறகு வரலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோசித்தும் எழுதியும் வடிவமைத்தும் செய்யும் வேலைகளுக்கு, நான்கு முதல் எட்டுப் பேர் வரை உட்காரும் குழு அறைகளே முதல் தேர்வு. அதற்கு வழியில்லையென்றால், ஒலியைக் கட்டுப்படுத்திப் பகுதி பகுதியாகப் பிரித்த கூடம். நிலையான இருக்கை இல்லாத அமைப்பு, சில நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும். தடுப்பே இல்லாத ஒரே பெரிய கூடம் மிகச் சில வேலைகளுக்குத்தான் பொருந்தும். ஏன் இப்படி வரிசைப்படுத்துகிறேன் என்பதற்கான காரணங்கள் கீழே.

காதுக்குக் கதவு இல்லை

அலுவலகச் சத்தம் என்றால் அதன் அளவைத்தான் பலரும் நினைக்கிறார்கள். வேலையைக் கெடுப்பதில் அளவைவிட அர்த்தத்துக்குப் பங்கு அதிகம். காற்றோட்டக் கருவியின் ஒரே சீரான இரைச்சலுக்கு மனம் பழகிவிடுகிறது. பக்கத்து மேசையில் ஒருவர் தொலைபேசியில் தணிந்த குரலில் பேசினாலும், சொற்கள் புரியும் வரை மனம் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு கோல், வெல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதனையில் காட்டினார்கள்: பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லப்பட்ட பேச்சொலிகூட, வரிசையாக எதையேனும் நினைவில் வைக்கும் திறனைக் குறைத்தது. கணக்கு எழுதுபவரும் நிரல் எழுதுபவரும் சட்ட வரைவு எழுதுபவரும் நாள் முழுக்கச் செய்வது ஏறத்தாழ அந்த வேலைதான்: பல விஷயங்களை வரிசை குலையாமல் மனத்தில் தாங்கிக்கொண்டு அடுத்த அடி வைப்பது.

எவான்ஸ், ஜான்சன் ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் கவலையளிப்பது. அலுவலகப் பணியில் அனுபவமுள்ள 40 பெண்களில் ஒரு பகுதியினரை, திறந்த அலுவலகத்தில் வழக்கமாக இருக்கும் மிதமான இரைச்சலில் மூன்று மணி நேரம் வேலை செய்ய வைத்தார்கள். தட்டச்சு வேலை கெடவில்லை. தாங்கள் அழுத்தத்தில் இருப்பதாக அவர்கள் உணரவும் இல்லை. ஆனால் உடலில் அட்ரினலின் அளவு கூடியிருந்தது. பிறகு கொடுத்த கடினமான புதிர்களை, அமைதியில் இருந்தவர்களைவிட விரைவாகக் கைவிட்டார்கள். ‘எங்கள் ஊழியர்கள் பழகிவிட்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை’ என்று சொல்லும் நிர்வாகி இந்த முடிவைச் சற்று நேரம் எண்ணிப் பார்க்க வேண்டும். குறை சொல்லாதவர்களின் உடலும் விலை கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. திறந்த அலுவலகங்களின் ஒலியியலுக்கென்று ஐஎஸ்ஓ 3382-3 என்ற சர்வதேசத் தரநிலை 2012-இல் வந்து, 2022-இல் திருத்தப்பட்டது. அதில் ‘கவனம் சிதறும் தூரம்’ என்று ஓர் அளவு உண்டு. பேச்சு எவ்வளவு தெளிவாகப் புரிகிறது என்பதை 0 முதல் 1 வரை மதிப்பிட்டால், அது 0.5-க்குக் கீழே இறங்க எத்தனை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதே அது. 2012 பதிப்பின் வழிகாட்டலில் 5 மீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் நல்ல கூடம். 10 மீட்டரைத் தாண்டினால் மோசமான கூடம்.

இந்த இரண்டு எண்களையும் ஆட்களாக மாற்றிப் பாருங்கள். 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். ஒருவருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் அந்த வட்டத்துக்குள் 31 பேர் இருப்பார்கள். அதாவது, மோசமான கூடத்தின் நடுவில் உட்காருபவருக்கு முப்பது பேருடைய பேச்சு புரியும் அளவுக்குக் கேட்கும். 5 மீட்டர் ஆரத்தில் பரப்பு சுமார் 79 சதுர மீட்டர்தான். அவரையும் சேர்த்து எட்டுப் பேர். ஒலியியல் நிபுணரை வைத்து, பணம் செலவழித்து, கவனமாகக் கட்டிய கூடத்தில்கூட ஒருவர் ஏழு பேருடைய பேச்சுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஏழு பேரும் அவருடைய வேலையில் கூட்டாளிகளாக இருந்தால் நல்லது. அப்படி இல்லையென்றால், எவ்வளவு செலவழித்தாலும் அந்தக் கூடம் அவருக்குத் தொல்லைதான்.

ஒரே கூடம், நீண்ட மேசைகள்

பெரிய கூடத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1906-இல் திறந்த லார்க்கின் நிறுவனக் கட்டடமும், ரசீன் நகரில் 1939-இல் திறந்த ஜான்சன் வாக்ஸ் தலைமையகமும் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்தவை. இரண்டுமே கூடத்துக்குப் பேர் போனவை, பார்ப்பதற்குப் பிரமாண்டமானவை. லார்க்கின் கூடத்தில் நடந்தது, தபாலில் வந்து குவியும் ஆர்டர்களைப் படித்துப் பதிவு செய்யும் வேலை. காகிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்தது. மேற்பார்வையாளரின் கண் எல்லோர் மேலும் இருந்தது. அப்படிப்பட்ட வேலைக்குப் பிறந்த வடிவத்தை, ஒரே நாளில் மூன்று வாடிக்கையாளர்களுடன் காணொளியில் பேசி, நடுவே ஓர் அறிக்கையும் எழுத வேண்டியவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கூடம் கலந்து பேச உதவும் என்ற வாதத்துக்கு வருகிறேன். அதை நேரடியாக அளந்த ஆய்வை 2018-இல் ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் இருவரும் வெளியிட்டார்கள். இரண்டு பெரிய நிறுவனங்களின் தலைமையகங்களில், தடுப்புகள் இருந்தபோதும் அவற்றை எடுத்த பிறகும், ஊழியர்கள் உடலில் அணிந்த கருவிகள் மூலம் யார் யாருடன் நேரில் பேசுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். சுவர் போன பிறகு நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடின. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. எல்லோர் கண்ணிலும் படுகிறவர் தன்னைச் சுற்றி வேறு வழியில் வேலி போட்டுக்கொள்கிறார். ஹெட்போன் மாட்டுகிறார், திரையை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரிடமே எழுதிக் கேட்கிறார். நான்கு பேர் காதில் விழும் என்று தெரிந்தால், ‘எனக்கு இது புரியவில்லை’ என்று ஒரு புதியவர் எப்படி வாய் திறப்பார்? இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பெரிய கூடத்தை எதிர்க்கிறேன். அதில் அதிகம் இழப்பவர்கள், அதிகம் கேள்வி கேட்க வேண்டியவர்கள்.

உடல்நலக் கணக்கும் உண்டு. டென்மார்க்கில் 2,403 ஊழியர்களிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், ஆறு பேருக்கு மேல் உட்காரும் திறந்த அலுவலகங்களில் இருந்தவர்கள், தனி அறையில் இருந்தவர்களைவிட 62 சதவீதம் அதிக நாட்கள் நோய் விடுப்பு எடுத்திருந்தார்கள். இது அவர்கள் தாங்களே சொன்ன விவரம். அறைதான் முழுக் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. 2020 மார்ச்சில் சியோலின் ஒரு கால் சென்டரில் நடந்தது இன்னும் நேரடியானது. ஒரே தளத்தில் வேலை செய்த 216 பேரில் 94 பேருக்குக் கொரோனா தொற்றியது. அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தளத்தின் ஒரே பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தவர்கள்.

பிறகு யாருக்குத்தான் கூடம் பொருந்தும்? பக்கத்தில் நடப்பதைக் காதில் வாங்குவதே வேலையின் பகுதியாக உள்ளவர்களுக்கு. அவசர ஊர்திகளை அனுப்பும் கட்டுப்பாட்டு அறை, பக்கம் முடிக்கும் நேரத்துச் செய்தி மேசை, நொடிக்கு நொடி விலை மாறும் வர்த்தகத் தளம் ஆகிய இடங்களில் ஒருவர் குரல் உயர்ந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். அங்கே சுவர் எழுப்புவது ஆபத்து. உங்கள் அலுவலகத்தின் வேலை அந்த வகை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடிந்தால் தயங்காமல் கூடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கியூபிக்கிள் தடுப்புகள்

தோள் உயரத் தடுப்புகள் கூடத்தின் குறைக்கு மருந்தாக வந்தவை. ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்துக்காக ராபர்ட் புரோப்ஸ்ட் உருவாக்கிய அமைப்பு 1968-இல் சந்தைக்கு வந்தபோது, அதன் பலகைகளை 120 பாகைக் கோணத்தில் விரித்து வைக்க முடிந்தது. ஒருவருக்குத் தேவையான பரப்பும் தனிமையும் தருவதே அவருடைய எண்ணம். வாங்கிய நிறுவனங்கள் கோணத்தை 90 பாகையாக்கி, பெட்டி பெட்டியாக அடுக்கின. அதைப் பார்த்து வருந்தியவர்களில் புரோப்ஸ்டும் ஒருவர்.

ஒலியைப் பொறுத்தவரை தடுப்பு தருவது பெரிதும் ஏமாற்றமே. உட்கார்ந்திருப்பவரின் காது தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேச்சு தடுப்பின் மேலாக வளைந்தும், மேல்கூரையில் பட்டுத் திரும்பியும் அடுத்தவரை அடைகிறது. கூரை ஒலியை உறிஞ்சாவிட்டால் தடுப்பை உயர்த்துவதில் பெரிய பயன் இல்லை. கண்ணுக்கு மறைவு கிடைக்கிறது, காதுக்குக் கிடைப்பதில்லை. எதிரில் ஆள் தெரியாததால் பேசுபவரும் குரலைத் தணிக்க மறந்துவிடுகிறார். சிட்னி பல்கலைக்கழகத்தின் கிம், டி டியர் ஆகியோர் 303 கட்டடங்களில் 42,000-க்கும் மேற்பட்டவர்கள் அளித்த பதில்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். பேச்சுத் தனிமை குறித்த அதிருப்தி, தடுப்பு உள்ளவர்களிடம் தடுப்பில்லாதவர்களைவிடக் குறைவாக இல்லை. தனி அறைக்காரர்களே ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதிகம் நிறைவாக இருந்தார்கள். எளிதாகக் கலந்து பேச முடிவதால் கிடைக்கும் நன்மை, சத்தத்தாலும் தனிமையின்மையாலும் வரும் இழப்பை ஈடுகட்டவில்லை என்பது அவர்கள் முடிவு.

ஏற்கெனவே கியூபிக்கிள்கள் இருந்தால் பிடுங்கி எறியச் சொல்ல மாட்டேன். கண்ணில் ஆட்கள் நடமாட்டம் படாமல் இருப்பதற்கும் மதிப்புண்டு. புதிதாக வாங்கத்தான் வேண்டாம். அந்தப் பணத்தைக் கூரையில் போடுங்கள்.

நிலக்காட்சி அலுவலகம், அதன் பின்விளைவு

1950-களின் இறுதியில் ஹாம்பர்க் அருகே குவிக்போர்னில், எபர்ஹார்ட், வோல்ஃப்காங் ஷ்னெல்லே சகோதரர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். மேசையை வைக்கும் முன், யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு காகிதமும் பேச்சும் போகிறது என்று வரைந்தார்கள். அந்த வரைபடத்தின்படி மேசைகளை வரிசையில்லாமல் குழுமங்களாகப் போட்டு, தரைவிரிப்பும் செடிகளும் வைத்தார்கள். அதிகாரிகளுக்கும் தனி அறை கிடையாது. நிலக்காட்சி அலுவலகம் எனப்பட்ட அந்த அமைப்பு ஐரோப்பாவில் வேகமாகப் பரவியது. 1970-களில் ஊழியர் அமைப்புகள் சத்தத்தையும் சன்னல் இன்மையையும் எதிர்த்துக் குரல் கொடுத்ததும் பின்வாங்கியது. அந்த வடிவம் போய்விட்டாலும், முதலில் பேச்சை வரைந்துகொள்ளும் முறை இன்றும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

அந்த எதிர்ப்புக் காலத்தில் இரண்டு நல்ல பதில்கள் பிறந்தன. நெதர்லாந்தின் அபல்டோர்னில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் வடிவமைத்து 1972-இல் முடிந்த சென்ட்ரல் பெஹீர் அலுவலகம், பெரிய கூடத்தைச் சிறு சதுர மேடைகளாக உடைத்து, ஒவ்வொரு மூலையிலும் சிலர் மட்டும் உட்காரும்படி செய்தது. ஸ்வீடனில் ‘கோம்பி’ அமைப்பு வந்தது: ஓரத்தில் ஆளுக்கொரு சிறிய கண்ணாடி அறை, நடுவில் எல்லோருக்கும் பொதுவான கூடம். ஸ்டாக்ஹோம் அருகே 1988-இல் திறந்த எஸ்ஏஎஸ் விமான நிறுவனத் தலைமையகத்தில், இப்படிப்பட்ட அறைகளை இணைத்து நடுவே ஒரு தெருவே ஓடுகிறது.

தனி அறை என்றால் இடம் விழுங்கும் என்ற அச்சத்துக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பணியிட விதிகளில் ஒன்று, சிறிய அறைகளாகப் பிரித்த அலுவலகத்துக்கு ஒருவருக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் என்றும், பெரிய கூடத்துக்கு 12 முதல் 15 சதுர மீட்டர் என்றும் வழிகாட்டுகிறது. கூடத்துக்குத்தான் அதிகம். நடைபாதைகளும், பேச்சிலிருந்து விலகி இருக்கத் தேவையான தூரமும் இடம் கேட்கின்றன. கூடம் மலிவாகத் தெரிவது, அந்தத் தூரத்தை ஊழியரிடமிருந்து எடுத்துவிடுவதால்தான்.

நிலையான இருக்கை இல்லாத அலுவலகம்

வீட்டிலிருந்து வேலை செய்வது பரவிய பிறகு இந்தத் தேர்வுதான் அதிகம் பேசப்படுகிறது. நூறு பேருக்கு எழுபது மேசை. வருகிறவர் கிடைக்கும் இடத்தில் உட்காரலாம். இரண்டு முன்னோடிகளின் கதை தெரிந்தால் முடிவு எடுப்பது எளிது.

சியாட்/டே விளம்பர நிறுவனம் 1990-களின் நடுவில் தன் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் அலுவலகங்களில் தனி மேசைகளை ஒழித்தது. காலையில் வந்து கணினியும் தொலைபேசியும் வாங்கிக்கொண்டு, விருப்பமான இடத்தில் உட்கார வேண்டும். கருவிகள் எல்லோருக்கும் போதவில்லை. கிடைத்ததைச் சிலர் ஒளித்து வைத்தார்கள். காகிதங்களை வைக்க இடமின்றிக் காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதே பத்தாண்டில் நெதர்லாந்தின் டில்பர்கில் இன்டர்போலிஸ் காப்பீட்டு நிறுவனமும் நிலையான இருக்கையை விட்டது. அது நிலைத்தது. முதலில் காகிதத்தைக் குறைத்தார்கள். அமைதியாக எழுத ஓரிடம், இருவர் பேச ஓரிடம், கூடிப் பேச ஓரிடம் என்று வேலைக்கேற்ற இடங்களைக் கட்டினார்கள். முன்னது மேசையைப் பறித்துக்கொண்டது. பின்னது மேசைக்குப் பதில் பல இடங்களைக் கொடுத்தது.

இன்று பல நிறுவனங்கள் முன்னதைச் செய்துவிட்டு அதற்குப் பின்னதன் பெயரை வைக்கின்றன. பணக் கணக்கையாவது நேர்மையாகப் போட்டுப் பார்க்கலாம். சம்பளச் செலவு இடச் செலவைப் போலப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இருக்கைகளில் 30 சதவீதத்தைக் குறைத்து, அதே விகிதத்தில் வாடகையும் குறைந்தால், மிச்சமாவது சம்பளத்தில் 3 சதவீதம். இடம் தேடுவது, நாற்காலியைச் சரி செய்வது, திரையை இணைப்பது, சக ஊழியர் எங்கே என்று பார்ப்பது எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு நாளுக்குப் பதினைந்து நிமிடம் போனால், எட்டு மணி நேரத்தில் அதுவும் 3 சதவீதம். மிச்சம் பூச்சியம். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் கணக்கின் இரு பக்கத்தையும் எழுதாமல் ‘சேமிப்பு’ என்று சொல்லக் கூடாது.

கணக்கில் வராத சிலவும் உண்டு. முதுகுவலிக்காக உயரம் மாற்றிய மேசை, மங்கலான பார்வைக்காகப் பெரிய திரை, கேட்கும் கருவி அணிந்தவருக்கு எதிரொலி குறைந்த மூலை ஆகியவை தேவைப்படுகிறவர் ஒவ்வொரு காலையும் தன் குறையைச் சொல்லி இடம் கேட்கும்படி வைப்பது கொடுமை. இந்த அமைப்பையே தேர்ந்தெடுத்தாலும் அவர்களுக்கு நிலையான இருக்கை கொடுத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் லாக்கர் வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ‘இந்தப் பக்கம்’ என்று ஓர் எல்லை வேண்டும். வாரத்தின் எந்த நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். சராசரியை நம்பக் கூடாது. வாரத்தின் நடுவில் எல்லோரும் ஒன்றாக வந்தால் அந்த நாளின் கூட்டம்தான் உங்கள் அளவு.

நாளின் பெரும்பகுதியை வெளியில் கழிக்கும் விற்பனையாளர்கள், தணிக்கையாளர்கள், ஆலோசகர்கள் போன்றோருக்கு இந்த அமைப்பு நன்றாகவே பொருந்துகிறது. நாள் முழுக்க ஒரே திரை முன் இருப்பவருக்குப் பொருந்தாது.

குழு அறை

ஒரு வேலையைச் சேர்ந்து செய்பவர்கள் மட்டும் ஓர் அறையில் இருந்தால், முன்னே சொன்ன ஏழு பேர் கணக்கு தலைகீழாக மாறுகிறது. காதில் விழும் பேச்சில் பெரும்பகுதி பயனுள்ளதாகிறது. ஒருவர் ‘அந்தக் கோப்பு மாறிவிட்டதே’ என்று முணுமுணுத்தால் இன்னொருவர் பதில் சொல்லிவிடுகிறார். ஒரு கூட்டமே தேவையில்லாமல் போகிறது. சுவரில் எழுதியது நாளைக்கும் இருக்கும். இன்று மதியம் வரை பேச வேண்டாம் என்று ஐந்து பேர் ஒப்புக்கொள்ள முடியும். ஐம்பது பேர் ஒப்புக்கொள்ள முடியாது. விளக்கு, குளிர்ச்சி, கதவு மூன்றும் அவர்கள் கையில் இருக்கும். தன் சூழலைத் தானே மாற்ற முடியும் என்ற உணர்வு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, மாற்ற முடியாத இடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மோட்டார் நிறுவனத்தில் ஆறு மென்பொருள் குழுக்களை இப்படி ஒவ்வோர் அறையில் வைத்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நிறுவனத்தின் வழக்கமான அளவைவிட அவர்களுடைய உற்பத்தித்திறன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் குழுக்களுக்குப் பெரிய அறையின் பக்கத்திலேயே தனியாகப் போய்ப் பேசவும் யோசிக்கவும் சிறு அறைகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டுக் குழு அறையை மட்டும் கட்டினால் பாதிப் பயன்தான். இரண்டு குழு அறைகளுக்கு ஒரு சிறு அறையாவது வேண்டும் என்பது என் கணக்கு.

குறைகள் இல்லாமல் இல்லை. குழு ஐந்திலிருந்து எட்டாக வளர்ந்தால் என்ன செய்வது? நகரும் சுவர்கள் தீர்வு என்று விற்பனையாளர் சொல்வார். அவற்றின் இடுக்குகள் வழியே பேச்சு கசிந்துவிடும். நான்கு, ஆறு, எட்டு என்று மூன்று அளவுகளில் அறைகளைக் கட்டிவிட்டு, குழு மாறும்போது ஆட்களை அறை மாற்றுவதே நல்லது. பிணக்கு உள்ள குழுவை ஓர் அறைக்குள் அடைத்தால் பிணக்கு வளரும். அங்கே ஒருவருக்கு ஒதுங்க இடமில்லை. பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போவதும் உண்மையான இழப்பு.

இந்தக் கடைசிக் குறையைத் தூரத்தால் ஓரளவு சரி செய்யலாம். எம்ஐடி பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்களிடையே கண்டது, இருவரின் மேசைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு செங்குத்தாகச் சரிகிறது என்பது. 50 மீட்டரைத் தாண்டினால் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அதிகம் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு குழுக்களின் கதவுகளை எதிரெதிரே வையுங்கள். வேறு தளத்தில் வைக்காதீர்கள். நடைபாதைப் பக்கச் சுவர் கண்ணாடியாக இருக்கலாம்; உட்கார்ந்தவரின் கண் உயரம் வரை மங்கலான பட்டை ஒட்டிவிட்டால், நடப்பவர்களால் கவனம் சிதறாது, வெளிச்சமும் உள்ளே வரும்.

ஆளுக்கொரு அறை கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். ஐபிஎம் நிறுவனம் 1970-களில் கலிபோர்னியாவின் சான்டா தெரசாவில் நிரலாளர்களுக்கென்றே கட்டிய வளாகத்தில், ஒருவருக்கு 100 சதுர அடியும் ஒலித் தடுப்பும் வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துக் கட்டினார்கள். நீண்ட நேரம் தனியாக ஆழ்ந்து செய்யும் வேலைக்கு அதைவிட நல்லது இல்லை. புதிதாக வேலை கற்பவர்களை மட்டும் தனி அறையில் விடாதீர்கள்; அவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்க வேண்டியவர்கள்.

கூடம்தான் கிடைத்திருக்கிறது என்றால்

பலருக்குத் தேர்வு இப்படித்தான் வரும்: வாடகைக்கு எடுத்தாகிவிட்டது, சுவர் எழுப்ப அனுமதியில்லை. அப்போது பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதே முடிவு. முதலில் கூரை. ஒலி உறிஞ்சும் ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் மற்ற எதுவும் வேலை செய்யாது. கான்கிரீட்டை அப்படியே விட்டு அழகு பார்ப்பது ஊழியரின் செலவில் செய்யும் அலங்காரம். அடுத்து, தொலைபேசியிலும் காணொளியிலும் பேச மூடிய சிறு அறைகள்; முன்பதிவு இல்லாமல் உடனே கிடைக்கும் அளவுக்கு எண்ணிக்கை. மூன்றாவது, பேசும் குழுக்களையும் எழுதும் குழுக்களையும் கூடத்தின் எதிர் முனைகளில் வைத்து, நடுவில் அலமாரிகளும் அச்சு இயந்திரமும் நடைபாதையும் வருவது. இதற்குச் செலவே இல்லை, ஆனாலும் பலர் செய்வதில்லை.

இவை மூன்றும் ஆன பிறகு ஒரு விந்தையைப் பார்ப்பீர்கள். கூடம் மிக அமைதியாகிவிட்டால், மறுமுனையில் ஒருவர் பேசுவது முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். அந்தப் பேச்சை மறைக்கும் வேறு ஒலி எதுவும் இல்லாததே காரணம். அதற்காகத்தான் 40 முதல் 45 டெசிபல் அளவில் சீரான மெல்லிய இரைச்சலைக் கூரையிலிருந்து பரப்பும் கருவிகள் உள்ளன. அவற்றைக் கடைசியில் சேருங்கள். கூரையைச் சரி செய்யாமல் இரைச்சலை மட்டும் கூட்டினால் மக்கள் தாங்களும் குரலை உயர்த்துவார்கள்.

முடிவு எடுப்பவர் எங்கே உட்காரப் போகிறார் என்பதும் முக்கியம். கதவுள்ள அறையில் இருந்துகொண்டு மற்றவர்களுக்குக் கூடத்தைத் தேர்ந்தெடுப்பவருக்கு அதன் துன்பம் தெரிய வாய்ப்பில்லை. அவரும் தேர்ந்தெடுத்த அமைப்பில், நடைபாதை ஓரத்து மேசையில், ஒரு மாதமாவது உட்கார்ந்து வேலை செய்து பார்க்கட்டும். மொத்த அலுவலகத்தையும் மாற்றும் முன் ஒரு குழுவை மட்டும் புதிய அமைப்புக்கு மாற்றிப் பார்க்கும் காலத்திலேயே இதைச் செய்துவிடலாம்.

அந்தச் சோதனைக் காலத்தில் செய்ய ஒரு எளிய பரிசோதனையும் உண்டு. கருவி எதுவும் வேண்டாம். வேலை நடக்கும் நேரத்தில் ஒருவர் வழக்கமான குரலில் தொடர்பில்லாத தனிச் சொற்களின் பட்டியல் ஒன்றை வாசிக்கட்டும். ஐந்து மீட்டர் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்த இன்னொருவர் கேட்டதை எழுதட்டும். பெரும்பாலான சொற்கள் சரியாக எழுதப்பட்டிருந்தால், அந்த இரண்டு மேசைகளில் ஒரே வேலையைச் செய்யும் ஆட்கள் இருக்க வேண்டும். அவர்கள் வேறு வேறு வேலை செய்பவர்கள் என்றால் கூரையையோ மேசைகளின் இடத்தையோ மாற்ற வேண்டும். மீதிக் கூடத்துக்கு ஆர்டர் கொடுப்பதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.